ஹீட் நம்பரும் பதிப்பு எண்ணும்

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கும் ஆலைகளும், அதைக் கம்பியாக்கும் ரோலிங் மில்களும் உள்ளன என்பதை நம் கல்லூரிக்கு அப்பக்கத்திலிருந்து வரும் மாணவர்கள் அனைவரும் அறிவர். என் தந்தையார் அத்தகைய ரோலிங் மில் ஒன்றில்தான் பணி புரிகிறார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். ஆகையால் நான் படிக்கும் பாடத்திற்கும் அப்பா செய்யும் வேலைக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா என்று அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. அத்தொடர்பு நான் எதிர்பாராத ஓரிடத்தில் கிடைத்தது. கணிப்பொறிக் கருவிகளுக்கு எவ்வாறு பெயரும் எண்ணும் இடவேண்டும் என்ற கேள்வியே அந்த இடம்.

குளிர மறுத்த இரும்பு

இரண்டாம் ஆண்டுச் செய்முறையில் நியூட்டனின் குளிர்தல் விதியைக் கணிப்பொறியில் போட்டுப் பார்க்கும் பயிற்சி ஒன்று எங்களுக்குத் தரப்பட்டது. நானும் என் நண்பனும் 1000 டிகிரி சூட்டில் இருக்கும் இரும்புப் பில்லெட் ஒன்றை எடுத்துக் கொண்டோம். சுற்றுப்புறம் 30 டிகிரி. குளிர்தல் மாறிலி நொடிக்கு 0.00035. ஒரு நொடியைப் பத்தாயிரம் பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கிலும் எவ்வளவு சூடு குறைகிறது என்று கழித்துக் கொண்டே போக வேண்டும். பத்து நிமிடம் கழித்துச் சூடு எவ்வளவு என்பதே வினா.

எங்களுக்கு முன் படித்த அண்ணன் ஒருவர் பைத்தான் மொழியில் எழுதிய புரோகிராம் ஒன்றைக் கொடுத்திருந்தார். என் கணிப்பொறியிலும் அது ஓடவில்லை, நண்பனுடையதிலும் ஓடவில்லை. எண்களை வரிசையாக வைத்துக் கணக்கிட உதவும் 'நம்பை' என்னும் தொகுப்பில் 'ஃப்ளோட்' என்ற பெயரே இல்லை என்று பிழைச் செய்தி வந்தது. நான் அவ்விடத்தில் பைத்தானின் சாதாரண 'ஃப்ளோட்' என்று மாற்றினேன். நண்பன் நம்பையின் 'ஃப்ளோட் 32' என்று மாற்றினான். இருவருடைய புரோகிராமும் ஓடின. எனக்கு வந்த விடை சுமார் 816 டிகிரி. அவனுக்கு வந்த விடையோ சுமார் 902 டிகிரி! அதுமட்டுமன்று, பத்து நிமிடத்திற்குப் பதில் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் அவனுடைய பில்லெட் 902-ஐ விட்டு இறங்க மறுத்தது.

காரணம் இதுதான். 32 பிட்டுகளில் எழுதப்படும் எண்ணை, குறிப்பிட்ட இடைவெளியில் கோடு போட்ட அளவுகோலாகக் கருதலாம். 512-க்கும் 1024-க்கும் இடையே அந்த அளவுகோலின் கோடுகள் சுமார் 0.00006 இடைவெளியில் அமைந்துள்ளன. 902 டிகிரியில் நம் பில்லெட் ஒரு பங்கு நேரத்தில் இழக்கும் சூடு சுமார் 0.00003 டிகிரி, அதாவது அவ்விடைவெளியில் பாதி. அதற்குக் கீழே குறைவு எதுவாயினும், கழித்து வரும் விடை பழைய கோட்டிற்கே திருப்பப்படுகிறது. எத்தனை லட்சம் முறை கழித்தாலும் எண் மாறாது. 64 பிட் எண்ணில் கோடுகள் மிக மிக நெருக்கமானவை. ஆகவே அங்கு இத்தொல்லை எழவில்லை.

எங்கள் பேராசிரியர் இரு விடைகளையும் பார்த்துவிட்டு, "மூலப் புரோகிராம் எந்தப் பதிப்பு நம்பையில் எழுதப்பட்டது?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் வேலைக்குப் போய்விட்டார். எந்தக் கணிப்பொறியில் செய்தோம் என்பதே அவருக்கு நினைவில்லை. 816-தான் சரி என்று கையால் சூத்திரம் போட்டு நிலைநாட்ட முடிந்தது. ஆனால் சூத்திரத்தால் தீர்க்க முடியாத கணக்காக இருந்திருந்தால் என் செய்திருப்போம்?

அப்பாவின் கேள்வி

அன்றிரவு இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் கணிப்பொறியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஹீட் நம்பர் போடலையா?" என்று மட்டும் கேட்டார்.

உலையில் ஒரு தடவை உருக்கி ஊற்றும் இரும்புக்கு ஒரு 'ஹீட்' என்று பெயர். ஒவ்வொரு ஹீட்டுக்கும் ஓர் எண் உண்டு. அந்த ஹீட்டிலிருந்து எடுத்த மாதிரியில் கரி எவ்வளவு, கந்தகம் எவ்வளவு என்று சோதித்து அந்த எண்ணின் கீழ் எழுதி வைப்பார்கள். பில்லெட் கம்பியாகி, கட்டாகி, லாரி ஏறிப் போனாலும் எண் கூடவே போகும். ஆறு மாதம் கழித்து ஏதோ ஓரூரில் கம்பி வளைக்கும்போது முறிந்தால், அந்த எண்ணைப் பிடித்துக் கொண்டு உலை வரைக்கும் திரும்பி வரலாம்.

கம்பியின் மேல் இன்னொரு எண்ணும் சம்பந்தப்படுகிறது. கட்டடக் கம்பிகளுக்கான இந்தியத் தரம் 'ஐ.எஸ். 1786 : 2008' எனப்படும். 1786 என்பது தரத்தின் எண். 2008 என்பது அது திருத்தி வெளியிடப்பட்ட ஆண்டு. அதற்கு முந்தியது 'ஐ.எஸ். 1786 : 1985'. இன்று கடைகளில் கேட்கும் '500 டி' என்ற வகை 2008 திருத்தத்தில்தான் சேர்க்கப்பட்டது. எனவே 1786 என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த ஆண்டின் 1786 என்றும் சொல்ல வேண்டும். ஆண்டுகளுக்கு இடையில் செய்யும் சிறு திருத்தங்களுக்கும் தனி எண் உண்டு. இது ஒரு பதிப்பு முறையே அல்லவா?

மூன்று எண் முறை

கணிப்பொறித் தொகுப்புகளுக்குப் பதிப்பு எண் இடும் முறைகளில் பரவலானது, புள்ளியிட்ட மூன்று எண்களை எழுதும் முறையாகும். இதற்கு டாம் பிரெஸ்டன்-வெர்னர் என்பவர் திட்டமான விதிகளை வகுத்தார். அவ்விதிகளின் 2.0.0 பதிப்பு 2013-இல் வெளிவந்தது. பழைய புரோகிராம்கள் ஓடாமற்போகும்படி மாற்றினால் முதல் எண் ஏறவேண்டும். பழையதைக் கெடுக்காமல் புதிய வசதி சேர்த்தால் நடு எண் ஏறவேண்டும். பிழையை மட்டும் திருத்தினால் கடைசி எண் ஏறவேண்டும்.

இவை தசம எண்கள் அல்ல என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பைத்தான் 3.9-க்கு அடுத்து 2021-இல் வந்தது 3.10. கணக்குப் பாடத்தின்படி 3.10 சிறியது, பதிப்பு வரிசைப்படி அதுவே பெரியது. சில அமைப்புக் கோப்புகளில் மேற்கோள் குறி இடாமல் 3.10 என்று எழுதினால் கணிப்பொறியே அதை 3.1 என்று படித்துவிடும். புள்ளியைத் தசமப் புள்ளியாக எண்ணி ஏமாறுவது மனிதர் மட்டுமல்லர்.

இனி, எங்களைக் கவிழ்த்த நம்பையின் கதைக்கு வருவோம். நம்பை 1.0 வெளிவந்தது 2006-இல். 2.0 வந்தது 2024 ஜூனில். இடைப்பட்ட ஏறத்தாழ 18 ஆண்டுகளும் முதல் எண் 1 ஆகவே இருந்தது. அதனால் ஒன்றுமே முறியவில்லை என்று பொருளன்று. எங்கள் புரோகிராமில் இருந்த 'ஃப்ளோட்' என்ற பெயர் விலக்கப்படும் என்ற எச்சரிக்கை 2021-இல் வந்த 1.20 பதிப்பில் சேர்ந்தது. 2022 டிசம்பரில் வந்த 1.24-இல் அப்பெயர் நீக்கப்பட்டது. எண்ணைப் பார்த்தவருக்கு 1.23, 1.24 என்று சிறு மாற்றமாகவே தோன்றும். நம்பையை ஆக்குவோர் மேற்சொன்ன மூன்று எண் விதியை அப்படியே பின்பற்றுவதில்லை. முன்னெச்சரிக்கை கொடுத்துவிட்டு நடு எண்ணிலேயே பழையதை நீக்குவது அவர்களுடைய வழக்கம்.

ஜி.சி.சி. என்னும் கம்பைலரின் வழக்கம் வேறு. 2015-இல் வந்த 5-ஆம் வரிசை முதல் ஆண்டுதோறும் முதல் எண் ஏறுகிறது. அங்கு முதல் எண் ஏறினாலே பெரிய முறிவு என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஆக, பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் எண்கள் ஆளுக்கொரு வாக்குறுதியைத் தாங்கி நிற்கின்றன. வாக்குறுதி இன்னதென்று அறியாமல் எண்ணை மட்டும் படிப்பதில் பயனில்லை.

ஆண்டால் பெயரிடும் முறை

இரண்டாவது முறை, ஆண்டையே பெயராக்குவது. விஞ்ஞானக் கணக்கீட்டின் மூத்த மொழியாகிய ஃபோர்ட்ரான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஃபோர்ட்ரான் 66, 77, 90, 95, 2003, 2008, 2018, 2023 என்று அதன் தரங்கள் அமைந்துள்ளன. கேட்டவுடன் எவ்வளவு பழையது என்று தெரிவது இதன் நன்மை.

தீமையும் உண்டு. வெளியிடுவதற்கு முன்பே ஆண்டைப் பெயராக வைத்துவிட்டால், வேலை தாமதிக்கும்போது பெயர் பொய்யாகிவிடும். ஃபோர்ட்ரான் 77-க்கு ஒப்புதல் கிடைத்தது 1978-இல். இன்று ஃபோர்ட்ரான் 2018 எனப்படுவது உருவாகும் நாளில் ஃபோர்ட்ரான் 2015 என்றே அழைக்கப்பட்டது. உபுண்டு என்னும் இயக்க அமைப்பு ஆண்டையும் மாதத்தையும் எண்ணாகக் கொள்வது. 2006 ஏப்ரலில் 6.04 என்று வரவேண்டியது ஜூனுக்குத் தள்ளிப்போகவே, 6.06 என்று பெயர் மாற்றியே வெளியிட்டார்கள்.

மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் 'குரோமாக்ஸ்' என்னும் தொகுப்பை வேதியியல் துறையினர் அறிவர். அது 5.1 வரை எண் முறையில் வந்து, அடுத்து 2016 என்று ஆண்டு முறைக்கு மாறிற்று. முன்பு எண்ணைப் பார்த்து மாற்றம் பெரிதா சிறிதா என்று ஊகிக்கலாம். இப்போது வயது தெரிகிறது; மாற்றத்தின் அளவைத் தேடித்தான் அறிய வேண்டும். ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்கிறோம்.

மூன்றாவதாக ஒரு விந்தை முறையும் உண்டு. கணித நூல்களை அச்சுக்கோக்கும் 'டெக்' என்னும் அமைப்பை ஆக்கிய டொனால்ட் நூத், அதன் பதிப்பு எண்ணுக்கு ஒவ்வொரு முறையும் 'பை' எண்ணின் ஓர் இலக்கத்தைக் கூட்டி வந்தார். 2021-இல் அது 3.141592653. தம் காலத்திற்குப் பின் எண் 'பை' என்றே நிலைத்துவிட வேண்டும், அதன்பின் யாரும் திருத்தலாகாது என்பது அவர் விருப்பம். முற்றுப்பெற்று வரும் ஒரு படைப்புக்கு இது பொருந்தும். வளர்ந்து கொண்டே இருக்கும் ஒன்றுக்குப் பொருந்தாது.

கருவித் தொகுதிக்கு ஒரே பெயர்

இதுகாறும் சொன்னவை தனித்தனிப் பொருள்களைப் பற்றியவை. ஆனால் பெரிய விஞ்ஞானக் கணக்கு எதுவும் ஒரே பொருளைக் கொண்டு நடப்பதில்லை. புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றக் கம்பைலர்; பல கணிப்பொறிகள் தமக்குள் செய்தி பரிமாற எம்.பி.ஐ. தொகுப்பு, அணிக் கணக்குகளுக்குப் பிளாஸ், லாபாக் தொகுப்புகள், ஃபூரியர் மாற்றத்திற்கு எஃப்.எஃப்.டி.டபிள்யூ. இவை அனைத்தும் சேர்ந்ததே கருவித் தொகுதி.

இவற்றைக் கண்டபடி கலக்க முடியாது. நட்டும் போல்ட்டும் ஒரே 12 மில்லிமீட்டர் அளவாக இருந்தாலும், ஒன்றின் மரை 1.75 மில்லிமீட்டர் இடைவெளியிலும் மற்றொன்றின் மரை 1.25 இடைவெளியிலும் வெட்டப்பட்டிருந்தால் பொருந்தா. அதுபோலவே, நம்பை 1 வரிசைக்கென்று கம்பைல் செய்யப்பட்ட துணைத் தொகுப்புகள் நம்பை 2.0-உடன் சேர்ந்து ஓடாமற்போயின. அவற்றை மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதாயிற்று.

பொருந்தி ஓடினாலும் விடையின் கடைசி இலக்கங்கள் மாறலாம். 0.1-உடன் 0.2-ஐக் கூட்டிப் பிறகு 0.3-ஐக் கூட்டினால் 64 பிட் கணக்கில் 0.6000000000000001 வருகிறது. 0.2-ஐயும் 0.3-ஐயும் முதலில் கூட்டிக்கொண்டு 0.1-உடன் சேர்த்தால் 0.6 வருகிறது. கம்பைலரோ அணிக்கணக்குத் தொகுப்போ மாறும்போது கூட்டும் வரிசையும் மாறக்கூடும். ஆகவே ஒரு விடையைச் சரிபார்க்க வேண்டுமானால் ஒரு கருவியின் எண் மட்டும் போதாது. எல்லாவற்றின் எண்ணும் வேண்டும்.

இச்சிக்கலைத் தீர்க்கப் பெயரிடும் வேலையில் இறங்கியவர்களுள் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'ஈஸிபில்ட்' திட்டத்தார் குறிப்பிடத்தக்கவர்கள். தொடக்கத்தில் உறுப்புகளின் முதலெழுத்துகளைக் கோத்துக் 'கூல்ஃப்' என்று ஒரு தொகுதிக்குப் பெயர் வைத்து, 1.4.10 என்பது போன்ற எண்ணும் கொடுத்தார்கள். இப்பெயரில் இரண்டு குறைகள் தெரிகின்றன. ஓர் உறுப்பை மாற்றினால் பெயரின் எழுத்தே மாறவேண்டும். மேலும் 1.4.10 என்பது எதனுடைய 1.4.10? கம்பைலருடையதும் அன்று, எம்.பி.ஐ.யுடையதும் அன்று. ஐந்து பொருள்களின் ஐந்து விதமான மாற்றங்களைச் 'சிறிது, பெரிது' என்று ஒரே எண்ணால் சொல்லவும் இயலாது.

பின்னர் 'ஃபாஸ்' என்று பொதுப்பெயர் வைத்தார்கள். கட்டற்ற, திறந்த மென்பொருள் என்னும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அது. அதனோடு ஆண்டையும், அரையாண்டைக் குறிக்கும் ஏ அல்லது பி எழுத்தையும் சேர்த்தார்கள். 'ஃபாஸ் 2014 பி' அவ்வாறு வந்தது. எடுத்துக்காட்டாக 'ஃபாஸ் 2023 ஏ' என்றால் ஜி.சி.சி. 12.3.0, ஓப்பன் எம்.பி.ஐ. 4.1.5, ஓப்பன் பிளாஸ் 0.3.23, எஃப்.எஃப்.டி.டபிள்யூ. 3.3.10 ஆகியவை அடங்கியது. அடுத்த 'ஃபாஸ் 2023 பி'யில் கம்பைலர் 13.2.0. ஒருமுறை பெயர் வைத்து வெளியிட்டபின் அதன் உள்ளடக்கம் மாறாது. மாற்றம் வேண்டுமானால் புதுப் பெயர்தான்.

இந்தப் பெயர் 'பெரிய மாற்றம்' என்றோ 'சிறு மாற்றம்' என்றோ ஒன்றும் கூறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது தரும் வாக்குறுதி ஒன்றே: 'இவையெல்லாம் ஒரே உலையில் ஊற்றியவை; சேர்த்துச் சோதித்தவை.' அப்பாவின் ஹீட் நம்பர் சொல்வதும் இதையேதான்.

நம் நாட்டிலும் இதற்குத் தேவை பெருகியுள்ளது. தேசிய சூப்பர் கம்ப்யூட்டர் திட்டத்தின் கீழ், திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 838 டெராஃப்ளாப்ஸ் வேகமுள்ள 'பரம் பொருள்' என்ற கணிப்பொறி 2022 மே 25 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. ஒரு டெராஃப்ளாப்ஸ் என்பது நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள். இத்தகைய பொறியைப் பல துறை ஆராய்ச்சியாளர்கள் ஒரே சமயத்தில் பயன்படுத்துவர். ஒருவருக்குப் பழைய கம்பைலர் வேண்டும். மற்றவருக்குப் புதியது வேண்டும். எனவே பல பதிப்புகளை அருகருகே வைத்து, வேண்டியதைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இத்தகைய பொறிகளில் உண்டு. பெயர் குழம்பினால் லட்சம் கோடிக் கணக்குகளும் குழம்பும்.

எதைத் தேர்வது?

பிறர் தம் புரோகிராமுக்குள் அழைத்துப் பயன்படுத்தும் தனித் தொகுப்பாயின் மூன்று எண் முறையே நன்று. ஏனெனில் 'உன் புரோகிராம் முறியுமா?' என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. பல உறுப்புகள் சேர்ந்த தொகுதியாயின் ஆண்டும் எழுத்தும் கொண்ட பெயரே நன்று. ஏனெனில் 'எவை எவை சேர்ந்தது, எவ்வளவு பழையது?' என்பதே அங்குக் கேள்வி. எம்முறையாயினும் மூன்று நெறிகள் பொது. ஒரே பெயரை இரு வேறு பொருள்களுக்கு வைக்கலாகாது. வெளியிட்டபின் உள்ளே கை வைக்கலாகாது. 'புதியது', 'கடைசி' போன்ற நாளை பொய்யாகும் சொற்களைப் பெயராக்கலாகாது. கடைசியாக உள்ளது நம் எல்லோருக்கும் உறைக்கும் என்று நம்புகிறேன். 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் நியூ 2' என்று கோப்புகளைச் சேமித்து வைத்துவிட்டு, எது உண்மையில் கடைசி என்று தேடாதவர் நம்மில் யார்?

நானும் நண்பனும் பயிற்சியை மறுபடி செய்தோம். பைத்தான், நம்பை, வரைபடத் தொகுப்பு ஆகியவற்றின் பதிப்பு எண்களை ஒரு தாளில் எழுதி, அத்தொகுதிக்கு ஆண்டெண்ணும் 'ஏ' என்ற எழுத்தும் கொண்ட பெயரிட்டோம். ரெக்கார்டு நோட்டில் விடைக்கு மேலே அப்பெயரை எழுதினோம். 64 பிட் எண் என்பதையும் குறித்தோம். இருவருக்கும் 816 வந்தது. பேராசிரியர் கையொப்பமிடும்போது, விடையைப் பார்ப்பதற்கு முன் அந்த வரியையே பார்த்தார்.

நண்பர்களே, நாம் இவ்வாண்டு எழுதி வைக்கும் புரோகிராமை அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கைகள் எடுப்பார்கள். அவர்களுள் பலர், என்னைப் போலவே, வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாதவர்கள். அவர்கள் தொலைபேசியில் கேட்கும்போது நமக்கு நினைவிருக்காது. நோட்டில் இருந்தால் போதும். கம்பியைக் கட்டி அனுப்புமுன் ஹீட் நம்பர் கட்டாமல் விடமாட்டேன் என்று என் தந்தையார் சொல்வார். அந்த ஒரு வரியை நாமும் எழுதாமல் விடவேண்டாம்.